ஐம்பதுக்கு மூன்று குறைவு

சம்பந்தி அந்த ரேடியோவைக் கொண்டுவந்து இறக்கியது ஆடி பிறந்து வந்த முதல் புதன்கிழமை. மொரப்பூர் பக்கத்துக் கிராமம் அவருடையது. குச்சிக்கிழங்கு ஏற்றும் மினி லாரியில், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் போர்வை சுற்றி ரேடியோவை உட்காரவைத்துவிட்டு, அவர் பின்னால் நின்றபடி அரூர் வரைக்கும் வந்திருந்தார். இறங்கியதும் சட்டையைத் தட்டிக்கொண்டு, "தூக்கறப்ப பாத்துங்க சம்மந்தி, அடியில புடிங்க" என்றார். நலம் விசாரித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் ஒரே மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். மகளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. ஆவணியில் அவர்கள் வீட்டில் வளைகாப்பு, அதை முடித்துக்கொண்டு பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வளைகாப்பன்று அந்த ரேடியோ பாட வேண்டும் என்பது சம்பந்தியின் ஆசை. பாகம் பிரித்தபோது அவர் பங்குக்கு வந்த பொருள் அது. அண்ணன்மார் இரண்டு பேரும், கிணற்றுப் பக்கத்து நிலத்தைக் கேட்காமல் பெட்டியைக் கேட்டு வாங்கியவன் என்று இன்றைக்கும் அவரைக் கிண்டல் செய்வார்களாம்.

"அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் வருவாங்க. ஒரே ஒரு பாட்டு. அது போதும் எனக்கு" என்றார்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெயிலில் நின்று பழகிய உடம்புக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது. படித்துத் தெரிந்துகொண்டது பாதி, கெடுத்துத் தெரிந்துகொண்டது பாதி. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதன் பக்கத்தில் மாதமும் வருஷமும் பென்சிலால் எழுதிவைப்பேன். கல் நட்டால் நட்ட நாளைக் குறித்துவைக்கும் புத்தி வேலையோடு போகவில்லை. இந்த விவரமெல்லாம் மகள் மூலமாக அவள் மாமனார் காதுக்குப் போயிருக்கிறது.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் குளவி கட்டிய மண்கூடு உதிர்ந்தது. வால்வுகள் பழுதில்லை. டிரான்ஸ்பார்மர்கள் இரண்டும் உயிரோடு இருந்தன. கண்டன்சர்கள்தான் போயிருந்தன. புத்தகத்தில் மின்தேக்கி என்று எழுதியிருக்கும், கடைத்தெருவில் கண்டன்சர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். பழைய ரேடியோக்களில் அவை மெழுகு பூசிய காகிதக் குழல்கள், சுண்டுவிரல் பருமன் இருக்கும். இதில் மெழுகு உருகி வழிந்து அடித்தட்டில் உறைந்து கிடந்தது.

அவற்றில் ஒன்றுதான் முக்கியமானது. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும். பாட்டை விட வேண்டும், மின்சாரத்தின் அழுத்தத்தை விடக் கூடாது. அதற்கு அவ்வளவுதான் வேலை. காகிதம் பழசாகிக் கசிய ஆரம்பித்தால் அழுத்தம் அந்தப் பக்கம் தாண்டிவிடும். கடைசி வால்வு சிவந்துபோகும், ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மர் கருகும். அந்த மாதிரி டிரான்ஸ்பார்மர் இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

அன்று சாயங்காலமே சம்பந்திக்குப் போன் செய்தேன். "மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க. கண்டன்சர மட்டும் மாத்தணும்."

"மாத்தணுங்களா" என்றார்.

"ஆமாங்க. மாத்திட்டா பாடும்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை தக்காளியோடு. காப்பி குடித்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனார். அடுத்த நாளும் வந்தார்.

ஆசையில் வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன். என் மனைவி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவள்தான் சமையலறையில் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"ஏங்க, அவரு வேடிக்கை பாக்க வரல. காவலுக்கு உக்காந்திருக்காரு."

"எதுக்குக் காவல்?"

"மோட்டாரு காயில் கட்டக் குடுத்தா எங்கண்ணன் கடையிலயே உக்காந்திருப்பாரு, பாத்ததில்லையா? நீங்க பாட்டுக்கு மாத்தணும்னு சொல்லிட்டீங்க."

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் போர்வெல் மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப்போவார்கள். போட்டுவிட்டு வீட்டுக்கு வர மாட்டார்கள். கட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க்கூட. கழற்றிய பழைய செம்புக் கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுவார்கள். கண் அசந்தால் செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றிவிடுவான் என்ற பயம். அங்கே 'மாத்திட்டான்' என்றால் பழுது பார்த்தான் என்று அர்த்தமில்லை. நல்லதை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டான் என்று அர்த்தம். சம்பந்திக்கு முந்தின கோடையில் அப்படியே நடந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து ஒரு சாவுக்குப் போய்விட்டார். கட்டிக் கொடுத்த மோட்டார் ஒரு மாதம் ஓடவில்லை, மஞ்சள் காய்ந்துபோனது.

அந்தச் சொல்லை நான் போனில் போட்டு உடைத்திருக்கிறேன்.

சரி, மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். அது இன்னும் பெரிய தப்பாகப் போயிற்று.

புதுக் கண்டன்சர்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். மஞ்சள் நிறம், பெரிய புளியங்கொட்டை அளவு. அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் பழைய காகிதக் குழலை வைத்து, இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"வெயிட்டே இல்லீங்களே."

"இப்ப எல்லாம் பிளாஸ்டிக் படலத்துல செய்யறாங்க. சின்னதாத்தான் வரும். ஆனா தாங்கும். பழசு நானூறு வோல்ட், இது அறுநூத்தி முப்பது."

"அது ஏறியிருக்குது. சரி. இது எவ்வளவு?" என்று அளவைக் காட்டினார்.

பழையதில் புள்ளி பூஜ்யம் ஐந்து என்று இருந்தது. புதியதில் புள்ளி பூஜ்யம் நான்கு ஏழு. எனக்குப் பழகிய கணக்கில், புள்ளியைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். "அது அம்பது. இது நாப்பத்தேழு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு கொறையுதுங்களே" என்றார் சம்பந்தி.

அந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன். சென்ட் கணக்கில் இருந்த நிலத்தை ஹெக்டேரில் எழுதிக் காட்டும்போதெல்லாம் அதே முகம், அதே குரல். அரை ஏக்கர், ஐம்பது சென்ட் என்று வைத்திருப்பார். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஏர்; புதுக் காகிதத்தில் இருபது ஏர் சொச்சம் என்று இருக்கும். "அம்பது இருந்துச்சு, இருபதுன்னு எழுதியிருக்கறீங்க, மீதி முப்பது எங்கங்க போச்சு?" வரப்பில் நின்றுகொண்டு விளக்குவேன். அளவுகோல்தான் வேறு, நிலம் அதேதான் என்பேன். தலையை ஆட்டுவார்கள். மறு வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவார்கள். அதே விளக்கத்தை முதலிலிருந்து சொல்லுவேன். ஓய்வு பெற்ற நாளன்று, இனிமேல் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு வந்த முதல் நிம்மதி.

இப்போது என் வீட்டு மேஜையிலேயே மறுபடியும் விளக்கினேன். ஐம்பது என்று இன்றைக்கு யாரும் செய்வதில்லை, கம்பெனிகள் முப்பத்து மூன்று, நாற்பத்தேழு, அறுபத்தெட்டு என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பழைய ஐம்பதும் சுத்தமான ஐம்பது கிடையாது. நாற்பதிலிருந்து அறுபதுவரை எது வந்தாலும் ஐம்பது என்றே முத்திரை குத்தி அனுப்பினார்கள். பாட்டில் ஒரு வித்தியாசமும் கேட்காது.

"அளந்து காட்டறன் பாருங்க" என்று பழைய கண்டன்சரில் மீட்டரை வைத்தேன். அறுபதுக்கு மேல் காட்டியது. கசியும் கண்டன்சரை வைத்தால் இந்த மீட்டர் ஏமாந்து கூடுதலாகக் காட்டும். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"பாத்தீங்களா" என்றார் சம்பந்தி மலர்ந்து. "அந்தக் காலத்து சரக்கு. அம்பதுன்னு போட்டு அறுவது வச்சிருக்கான்."

கசிவையும் முள் மீட்டரில் காட்டினேன். ரேடியோவைப் போட்டு, பழைய கண்டன்சரின் ஒரு முனையைத் தூக்கிவிட்டு, அந்த முனையில் வோல்ட் ஏறுவதைக் காட்டினேன். அதே இடத்தில் புதியதை வைத்தபோது முள் அசையவே இல்லை. "இந்தப் பழச இப்படியே விட்டம்னா டிரான்ஸ்பார்மரு எரிஞ்சிரும்" என்றேன்.

அவர் நிதானமாக, "மீட்டரு அவன்கிட்டயும் இருந்துச்சுங்க" என்றார்.

மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவனைச் சொல்கிறார்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். மாடியில் துணி எடுக்கும் சாக்கில் பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"அப்பா, என்னா பண்றீங்க அங்க? மாமா வந்ததுல இருந்து ஒரு மாதிரி இருக்காரு. அத்தகிட்ட மூணு கொறச்சு வெக்கறாருன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

"கொறச்சு வெக்கல தங்கம். அது இப்ப அப்படித்தான் வருது."

"எனக்கு சொல்லாதீங்க. நான் படிச்சிருக்கன், எனக்குப் புரியுது. அவருக்குப் புரியலல்ல. என்னய ஒரு வார்த்த சொல்லல அவரு. ஆனா தட்டுல சோறு போட்டாக்க மூஞ்சியப் பாக்காம வாங்கறாரு. எனக்கு எப்படி எறங்கும்?"

"நான் வேணா வந்து பேசட்டா?"

"நீங்க பேசுனதுதான்ப்பா இவ்வளவும். அது பாடணும், அவரு மனசும் ஆறணும். ரெண்டும் நடக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க. வளைகாப்புல எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னா நான் எப்படி அங்க வர்றது?"

அதற்குப் பிறகு சம்பந்தி சில நாள் வரவில்லை. வராதது இன்னும் கனமாக இருந்தது. மற்ற கண்டன்சர்களையெல்லாம் மாற்றினேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் இருப்பது, உறுமலை வடிகட்டும் பெரிய உருளைகள், எல்லாமே. கழற்றியவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எது எங்கே இருந்தது என்று சீட்டு ஒட்டி வைத்தேன். அந்த ஒன்றின் இடம் மட்டும் காலியாக இருந்தது. பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காலி இடத்தைப் பார்ப்பேன். கழுத்து வலிக்கும். எழுந்துவிடுவேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். இந்த முறை தக்காளி இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து மேஜையில் வைத்தார்.

"தருமபுரில ஒரு கடை இருந்துச்சு, முன்ன ரேடியோ ரிப்பேரு. இப்ப செல்போன் கவர் விக்கறாங்க. பரண்ல தேடி எடுத்துக் குடுத்தாங்க. புதுசு, டப்பாவுல இருந்து பிரிக்காதது. பாருங்க, அம்பதே இருக்குது."

இருந்தது. காகிதக் குழல், மெழுகு, புள்ளி பூஜ்யம் ஐந்து. ஒரு நாளும் எந்த ரேடியோவிலும் உட்காரவில்லை. செய்த வருஷம் அதன் வயிற்றிலேயே அச்சாகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம். ஆட்களைவிட வருஷங்களை நன்றாக ஞாபகம் வைத்திருப்பவன் என்பதால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பரணில் இருந்தாலும் காகிதத்துக்கு வயசாகும். ஈரம் ஏறும். அவர் கண் முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். பழையது அளவுக்கு இல்லை. ஆனாலும் முள் மெல்ல ஏறிக்கொண்டே போனது.

"கொஞ்சந்தானே ஏறுது" என்றார்.

"இன்னைக்குக் கொஞ்சம். சூடாச்சுன்னா கூடும்."

"வளைகாப்புக்குத் தாங்குமில்ல?"

தாங்கும். அதுதான் சிக்கல். அதைப் போட்டால் வளைகாப்பன்று பாடும், அவர் மனசு ஆறும், மகள் நிம்மதியாக வந்து சேருவாள். தையிலோ மாசியிலோ ஒரு நாள் அவர் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது கருகல் வாடை வரும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகள் அந்த வீட்டில்தான் இருப்பாள். நாற்பத்தேழைப் போட்டால் ரேடியோ என் காலத்துக்கும் ஓடும், மூன்று குறைவு என்ற பேச்சும் அதனோடு சேர்ந்து ஓடும்.

"சாப்பிடலாம் வாங்க" என்று என் மனைவி கூப்பிட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். இன்னொரு முறை விளக்க எனக்குத் தெம்பில்லை. உண்மை எது என்பது எனக்கும் மீட்டருக்கும் தெரியும். ஒரு ஆளை நம்பவைக்க அது போதாது என்பதும் சர்வே கல் நட்ட காலத்திலிருந்து தெரியும்.

கண்டன்சர் டப்பாவை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தேன். சின்னதாக ஒன்று கையில் வந்தது. மூன்று புள்ளி மூன்று. கண்டன்சர் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் பற்றவைத்தால் அளவு கூடும். பாட்டுக்கு அதனால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. வேறு யாராவது அப்படிச் செய்து வைத்திருந்தால், இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று கழற்றி எறிந்திருப்பேன்.

சாப்பாட்டு இலையில் ரசம் ஊற்றும்போது சொன்னேன். "சம்மந்தி, கொறையற மூணையும் சேத்துப் போட்டரலாம்ங்க."

அவர் கை நின்றது. "போட முடியுங்களா?"

"முடியும். தனியா ஒண்ணு வச்சு ஒட்டணும்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். இத்தனை நாளாக அதைத்தான் நான் ஒளித்துவைத்திருந்தேன் என்பது போல இருந்தது பேச்சு. என் மனைவி பக்கம் திரும்பி, "ரசம் நல்லா இருக்குதும்மா. இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

சாப்பிட்டதும் அவர் பக்கத்தில் இருக்கவே பற்றவைத்தேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னது ஒட்டிக்கொண்டு, தாய் பக்கத்தில் குட்டி மாதிரி நின்றது. மீட்டரை வைத்தேன். ஐம்பது புள்ளி நான்கு. அவரே குனிந்து பார்த்தார். நம்பர் நிலைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்குது" என்றார்.

"இருக்கட்டும்ங்க."

பென்சிலை எடுத்து ஆடி என்றும் வருஷத்தையும் பக்கத்தில் எழுதினேன். பிறகு ரேடியோவைப் போட்டேன். வால்வுகள் சூடாக நேரம் எடுத்தது. முதலில் இரைச்சல், பிறகு ஏதோ தூரத்து நிலையத்தில் கன்னடத்தில் ஒரு பெண் உரம் போடுவதைப் பற்றிப் பேசினாள். சம்பந்திக்குக் கன்னடம் புரியும். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். பழைய கண்டன்சர்களை ஒவ்வொன்றாகச் சீட்டோடு எடுத்துப் பார்த்துவிட்டு மூடி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வளைகாப்பு ஆவணியில் வளர்பிறையில் நடந்தது. கூடத்தில் ரேடியோவைச் சுவரை ஒட்டி வைக்காமல், பின்பக்கம் தெரியும்படி குறுக்காக வைத்திருந்தார். அட்டை கழற்றியே கிடந்தது. அவருடைய அண்ணன்மார் வந்ததும் வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார்.

"கடையில கெடைக்கறது நாப்பத்தேழுதான். ஊரெல்லாம் அதத்தான் வச்சு அனுப்பறானுங்க. நம்ம சம்மந்தியப் பாருங்க, மூணத் தனியா தேடிப் புடிச்சு ஒட்டி, அம்பதாக்கிக் குடுத்திருக்காரு."

"அந்தக் குட்டியா?" என்று பெரியவர் குனிந்தார்.

"அதேதான். தொடாத."

"எதுக்குடா திறந்து போட்டிருக்க, பல்லி பூந்துக்கப் போவுது."

"பூந்தா பூந்துட்டுப் போவுது. நீ பாட்டக் கேளு."

வளையல் அடுக்கும்போது மோட்டார்கள் ஓடி கரண்டு இறங்கியதால் பாட்டு கம்மிப்போனது. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, தன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நான் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து, நீங்கள்தானா அந்த மூன்றைச் சேர்த்தவர் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது தேவையே இல்லாதது என்று சொல்ல வாயெடுத்தேன். மணையில் உட்கார்ந்தபடியே மகள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் மகள் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் வளையல், அசைந்தால் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். கால் நன்றாக வீங்கியிருந்தது.

"கிளம்பறப்ப மாமா உங்களப் பத்திச் சொன்னாருப்பா."

"என்னா சொன்னாரு?"

"நீங்க அளந்தா சரியா இருக்குமாம்."

எத்தனையோ ஊர் வரப்புகளில் நின்று சரியாக அளந்திருக்கிறேன். இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. இப்போது கிடைத்திருப்பது, அளக்கவே தேவையில்லாத ஒரு மூன்றுக்கு. விளக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் பார்த்தேன். அவள் அம்மா தோளில் சாய்ந்து ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போது மெதுவாகப் போகச் சொல்லி டிரைவர் தோளைத் தட்டினேன்.